முக்கோணச் சமனிலி

மூன்று நீளங்களைக் கொடுத்து, ‘இவற்றால் முக்கோணம் அமையுமா?’ என்று கேட்டால் விடை சொல்லும் விதிக்குப் பெயர் முக்கோணச் சமனிலி. வகுப்பறையில் ‘ட்ரையாங்கிள் இனிக்வாலிட்டி’ என்று காதில் விழுவதும் இதுவே. எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடக் கூடுதலாக வர வேண்டும், அவ்வளவுதான் விதி.

பெயரின் முதற்பாதியில் மூன்று ‘மு’ எனக் குறுகிக் கோணத்தோடு சேர்கிறது. மூலைகளை எண்ணி வைத்த பெயர் இது. கிரேக்கத்தின் திரிகோனோனும் லத்தீனின் திரியாங்குலமும் அப்படியே. வடமொழியில் திரிகோணத்தோடு திரிபுஜம் என்றும் ஒரு பெயர் உண்டு. புஜம் என்றால் கை. பக்கங்களை எண்ணி வைத்த பெயர். தெலுங்கு, கன்னடம், இந்தி மூன்றும் அதை எடுத்துக்கொண்டன. நம் விதி பக்கங்களைப் பற்றியது என்பதால் அந்தப் பெயர்தான் இங்கே பொருத்தம். ஆனால் முக்கோணம் தமிழில் ஊன்றிவிட்ட சொல், அதை அசைக்கத் தேவையில்லை.

பிற்பாதிக்குத் தமிழில் மூன்று வடிவங்கள் புழங்குகின்றன: சமனிலி, சமனின்மை, அசமன்பாடு. சமனின்மை ஒரு நிலையைக் குறிக்கிறது. சமூக ஏற்றத்தாழ்வைப் பேசும்போதும் அது வந்துவிடும். அசமன்பாடு, சமன்பாட்டுக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது; x, y கொண்ட கோவைகளுக்குப் பொருந்தும். சமன் + இலி என்பது முடிவிலி, ஏதிலி போலச் செறிவான பெயர்ச்சொல். எங்கள் தேர்வு சமனிலி. எழுதும்போது நடுவில் ‘ச்’ மிகும்.

பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் வடிவியல் தொகுப்பான ‘மூலங்கள்’ முதல் நூலில் இது 20ஆவது கூற்று. இதற்குப் போய் நிறுவலா, ஒரு முனையில் கழுதையையும் மறுமுனையில் வைக்கோலையும் வைத்தால் நேர்வழியே குறுகியது என்று கழுதைக்கே தெரியுமே என்று எப்பிகூரஸின் வழிவந்த மெய்யியலாளர்களான எப்பிகூரியர்கள் கேலி செய்ததை, யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் பதிவு செய்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது வேறு, ஏன் என்று காட்டுவது வேறு என்பது அவர் பதில். 1150இல் எழுதிய ‘லீலாவதி’ என்ற கணித நூலில் இந்தியக் கணிதர் பாஸ்கரர், ஒரு பக்கம் மற்றவற்றின் கூடுதலுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் அது ‘அக்ஷேத்திரம்’, அதாவது உருவமே அல்ல என்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டுகள் 3, 6, 9 கொண்ட முக்கோணமும் 2, 6, 3, 12 கொண்ட நாற்கரமும். அதே அளவில் நேரான குச்சிகளைத் தரையில் வைத்தால் பொருந்தாமை தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார்.

3, 6, 9இல் கவனிக்க வேண்டியது சமம். 3 + 6 = 9; குச்சிகள் முனையோடு முனை தொடும், ஆனால் ஒரே கோட்டில் படுத்துவிடும், பரப்பு சுழியம். ஆகவே ‘>’ மட்டுமே, ‘≥’ கூடாது. பெயரில் ‘சமன் இல்லை’ என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்: திசையன்களிலும் சிக்கலெண்களிலும் இதே பெயரில் வரும் விதி சமத்தையும் அனுமதித்து ‘≤’ என்றே எழுதப்படுகிறது.

சோதிக்க மூன்று கூட்டல் தேவையில்லை. மிகப் பெரிய பக்கத்தைத் தனியே எடுத்து, மற்ற இரண்டின் கூடுதல் அதைவிட அதிகமா என்று பார்த்தால் போதும். பெரிய பக்கம் ஏற்கெனவே மற்ற ஒவ்வொன்றுக்கும் குறையாதது. அதோடு இன்னொன்றைக் கூட்டினால் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. 10, 4, 5 என்று கொடுத்தால் முதல் இரண்டைக் கூட்டி ‘14 > 5, அமையும்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. 4 + 5 = 9, பத்தை எட்டவில்லை. இரு பக்கங்கள் மட்டும் தெரிந்தால் மூன்றாவது அவற்றின் வித்தியாசத்துக்கும் கூடுதலுக்கும் இடையில் இருக்கும்: 7, 4 என்றால் 3க்கு மேல், 11க்குக் கீழ். முழு எண்களில் 4 முதல் 10 வரை ஏழு விடைகள்.

அலகு கலந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 40 செ.மீ., 0.5 மீ., 800 மி.மீ. ஆகியவை 40, 50, 80 செ.மீ.; முக்கோணம் அமையும். எண்களை அப்படியே கூட்டினால் அமையாது என்று தவறாக வரும். சோதிக்காமல், மூன்று பக்கங்களிலிருந்து பரப்பைத் தரும் ஹெரோன் சூத்திரத்தில் 2, 3, 7ஐப் போட்டால் வர்க்கமூலத்துக்குள் −72 வந்து நிற்கும்.

நிரல் எழுதுவோருக்கு ஒரு பொறி. 0.1, 0.2, 0.3 கொடுத்தால் பல நிரல் மொழிகளில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 ஆகிவிடும், இல்லாத முக்கோணத்தை ‘உண்டு’ என்று நிரல் சொல்லும். பாஸ்கரர் தள்ளிய 3, 6, 9இன் அதே 1:2:3 விகிதம்தான். அளவுகளைப் பத்தால் பெருக்கி 1, 2, 3 என முழு எண்களாக்கிவிட்டால் கணினியும் அதைத் தள்ளிவிடும்.