கடைசிச் சம்பளம் வந்த மறுநாள்: யுனிவர்சல் கிரெடிட் கேட்பவர்களுக்கு

பிரிட்டனில் வேலை போனாலும், வேலை இருந்தும் சம்பளம் வாடகைக்கே போதாவிட்டாலும், அரசிடம் கேட்கக்கூடிய முதன்மையான உதவி யுனிவர்சல் கிரெடிட்தான். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் செலவைச் சுருக்க முனைந்த அரசு, 2012இல் சட்டம் இயற்றி, ஆறு பழைய உதவிகளை ஒன்றாகக் கட்டியது. 2013 ஏப்ரலில் மான்செஸ்டருக்கு அருகே உள்ள ஆஷ்டன்-அண்டர்-லைனில் தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

இதை வடிவமைத்தவர்களின் மனத்தில் இருந்தவர் ஒரு மாதச் சம்பளக்காரர். ஒரே வேலை, மாதத்தில் ஒரு சம்பளம், கணக்கில் தன் பணம் மட்டும், ஆங்கிலத்தில் கடகடவென்று எழுதத் தெரியும். பெட்ரோல் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருடைய வாழ்க்கை இப்படி இல்லை. அவர்கள் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எந்த நாளில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பது முக்கியம். அந்த நாளிலிருந்துதான் உங்கள் 'மாதம்' தொடங்கும். அதற்குள் வரும் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாம் வருமானமாகக் கழிக்கப்படும். எனவே கடைசிச் சம்பளம் ஓரிரு நாளில் வரப்போகிறது என்றால், அது வந்த மறுநாள் விண்ணப்பியுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தவறவிட்ட நாட்களுக்குப் பின்தேதியிட்டுப் பணம் பெறுவது மிகக் கடினம்; தக்க காரணம் இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்காது.

முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை எதைச் சாப்பிடுவது என்று கேட்டால், 'முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்பார்கள். அது கடன். இரண்டு ஆண்டுகள் வரை மாதாமாதம் பிடிப்பார்கள். 2025–26இல் 25 வயது நிரம்பிய தனி நபருக்கு அடிப்படைத் தொகையே மாதம் 400.14 பவுணாகத்தான் இருந்தது; அதிலிருந்துதான் இந்தப் பிடித்தமும். முழுத் தொகையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. வாடகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கேளுங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். ஆண்டுக்குப் பதின்மூன்று சம்பளம், ஆனால் பன்னிரண்டு மாதம். ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் உதவி பாதியாகும், அல்லது நின்றே போகும். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் ஒரு மாதம் பூச்சியம் என்று வந்தது. தொலைபேசியில் கேட்டால் 'ஜர்னலில் எழுதுங்கள்' என்றார்கள்; ஜர்னல் என்பது உங்கள் இணையக் கணக்கில் அலுவலகத்தோடு செய்தி பரிமாறும் பக்கம். ஜர்னலில் எழுதினால் 'தொலைபேசியில் அழையுங்கள்' என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் வாடகைக்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாரா? இந்தக் கோளாறுக்குத் தீர்வு இல்லை. உங்கள் தேதிகளை நாட்காட்டியில் குறித்து, இரட்டைச் சம்பளம் விழும் மாதத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது ஒன்றே வழி. பூச்சியம் வந்த பின் அடுத்த மாதம் தானாகப் பணம் வந்துவிடும் என்று காத்திருக்காமல், மீண்டும் கோர வேண்டுமா என்று உடனே கேளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். வார விடுமுறையால் சம்பளம் ஒரு நாள் முன்னதாக வந்து, ஒரே மாதத்தில் இரண்டாகப் பதிவானால், ஒன்றை வேறு மாதத்துக்கு மாற்றச் சொல்லலாம். நான்கு தாய்மார்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2020இல் வென்ற பிறகு கிடைத்த உரிமை இது. தானாக நடக்கும் என்று இருக்காமல் கேளுங்கள்.

அடுத்தது சேமிப்பு. 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் கழிப்பார்கள். கணவன், மனைவி இருவரின் சேமிப்பையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஊரில் இருக்கும் காணியும் வீடும் சொத்துக் கணக்கில் வரும். அணியும் நகை வராது; தாலிக்கொடியின் விலையைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் சேமிப்பைக் குறைத்துக் காட்டுவதற்கென்றே நகை வாங்கினாலோ, தம்பியின் கணக்குக்கு மாற்றினாலோ, அந்தப் பணம் இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கருதுவார்கள்.

சீட்டுப் பணத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். சீட்டு நடத்துகிறவரின் கணக்கில் பத்துப் பேரின் பணம் வந்து போகும். ஒருநாள் 'மறுஆய்வு' என்று சொல்லி நான்கு மாத வங்கி அறிக்கையைக் கேட்பார்கள். இது யார் பணம், ஏன் வந்தது என்ற கேள்விக்கு 'சீட்டு' என்று மட்டும் பதில் சொன்னால் அதிகாரிக்குப் புரியப்போவதில்லை. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் வைத்திருங்கள். இன்னும் நல்லது, உதவி வாங்கும் காலத்தில் பிறர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமலே இருப்பது. அதிகப்படியாகக் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் முடிவு செய்தால், தவறு அவர்களுடையதாகவே இருந்தாலும் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

சேமிப்பு இருக்கிறது, அல்லது துணைவருக்கு நல்ல சம்பளம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்று வேறோர் உதவி உண்டு. கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஊழியராக வேலை செய்து போதுமான தேசியக் காப்புறுதி கட்டியிருந்தால், ஆறு மாதம் வரை கிடைக்கும். சேமிப்பையும் துணைவரின் வருமானத்தையும் பார்க்க மாட்டார்கள். இதைத் தாமாக எடுத்துச் சொல்லும் அலுவலர்கள் அபூர்வம்.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'பிரீ-செட்டில்டு' என்ற தற்காலிகக் குடியிருப்பு அந்தஸ்து இருந்தால் மட்டும் போதாது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. பொதுவாக, வேலை செய்கிறீர்கள், அல்லது வேலை செய்துகொண்டிருந்து உங்கள் விருப்பமின்றி இழந்தீர்கள் என்று காட்ட வேண்டும். கையில் பணமாகச் சம்பளம் வாங்கியவர்கள் இங்கே தவித்துப்போகிறார்கள். சம்பள விவரத் தாளை முதலாளியிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டு முடிந்தவர்கள் 'செட்டில்டு' என்ற நிரந்தர அந்தஸ்து பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விசாவில் அரச நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள் யாருடைய பேச்சையும் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள், விசாவுக்கே ஆபத்து. முதலில் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்.

டாக்சி, டெலிவரி என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முதல் ஆண்டு சலுகை உண்டு. அதன் பிறகு, நீங்கள் உண்மையில் எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும், குறைந்தபட்சக் கூலியில் வாரத்துக்கு 35 மணி நேரம் வரை உழைத்ததாக வைத்துத்தான் கழிப்பார்கள். தொழில் மந்தமான மாதத்தில் வராத வருமானத்துக்கும் கழிவு உண்டு.

ஜர்னலைத் தினமும் பாருங்கள். அங்கே செய்யச் சொல்லும் ஒரு பணியைத் தவறவிட்டால் கணக்கை மூடக்கூடும். ஜாப் சென்டர் சந்திப்பைத் தக்க காரணமின்றித் தவறவிட்டால் பணத்தை வெட்டுவார்கள். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு; ஒருவர் நிபந்தனைப் பத்திரத்தை ஏற்காவிட்டால் இருவருக்கும் இல்லை. வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை தேடுவேன் என்று அந்தப் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, நோயாளித் தாயைப் பார்ப்பது, முதுகுவலி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள். பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப்போய் நடுவில் உட்கார வைக்காதீர்கள். தொலைபேசியில் என்ன பேசினாலும், 'இன்று இன்ன நேரத்தில் இன்னது சொன்னீர்கள்' என்று ஜர்னலில் எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

பணத்தை வெட்டினாலோ மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்', அதாவது அதே துறை தன் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பலருக்கு அதே பதில்தான் வரும். அதோடு விட்டுவிடுகிறவர்களே அதிகம். அந்தப் பதில் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. விண்ணப்பம் நிரப்பவும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவும்.

கவுன்சில் வரிக் குறைப்பு இதில் அடங்காது. அதை உங்கள் கவுன்சிலிடம் தனியாக, அதே நாளில் கேளுங்கள்.