பிஸ்கட் டப்பாவில் பதினோரு அட்டை

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, 108 வண்டியில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பம். காய்ச்சல் 104. கையை மடக்கிப் பார்த்தேன், பச்சை மரக்கிளையை வளைப்பது போலிருந்தது. வாயில் விட்ட தண்ணீர் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. "மூளைக் காய்ச்சலுங்களா சார்?" என்று மகன் கேட்டார். பழைய சீட்டுகளைப் புரட்டினேன். நான்கு வருஷமாகப் பார்க்கின்சன் நோய் (கை நடுங்கி, உடம்பு விறைத்து, நடை மெதுவாகிப்போகிற மூளை நோய்), அதற்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை தினமும் நான்கு வேளை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

மகன் தலையாட்டினார். மருமகள்தான் கொஞ்சம் தயங்கிவிட்டு, கட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது. எண்ணினேன், பதினொன்று.

"மாமாதாங்க எடுத்து வெச்சிருக்காரு. அஞ்சு வருஷத்துக்கு மேல இந்த மருந்து வேலை செய்யாதுன்னு கெடா வெட்டுல யாரோ சொன்னாங்களாம். ரொம்ப முடியாம போறப்ப சாப்பிட்டுக்கலாம்னு ஒவ்வொண்ணா கொறைச்சிருக்காரு. ஒரு வாரமா ஒண்ணுமே சாப்பிடலைங்க."

இந்த வருஷத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கும் சொல்லப்பட்டது அதே பொய்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைக்கும், காய்ச்சல் ஏறும், நினைவு தப்பும், தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். உயிரும் போகலாம். அந்தப் பெரியவருக்கு மூக்குக் குழாய் வழியாக மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, ஐ.சி.யு.வில் வைத்துத்தான் மீட்டோம். வீட்டுக்குப் போகும்போது கையில் கோல் இருந்தது. அதற்கு முன்பு அவர் கோல் ஊன்றியவர் இல்லை.

சரி, இந்த 'அஞ்சு வருஷம்' எங்கிருந்து வந்தது? நோயாளிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர்களே ஒரு காலத்தில் இதைச் சொன்னோம்.

1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகேவிச் என்ற இருவரும் இந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் உடம்பின் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அடுத்த வருஷமே ஹார்னிகேவிச்சும் பிர்க்மயர் என்ற மருத்துவரும், மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவை ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற மருத்துவர் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றி, வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அன்றைக்கு மருந்து கிடைத்தவர்களில் பலருக்கு நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது, கொடுத்த அளவும் அதிகம். அதனால் சில வருஷங்களிலேயே, மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் 'பவர் இறங்கிவிடுவதும்', கைகால் தன்னிச்சையாக நெளிவதும் தொடங்கின. மருந்துதான் இதைச் செய்கிறது, மூளைக்கே அது விஷமோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. முடிந்தவரை தள்ளிப்போடுங்கள் என்று நாங்களே சீட்டு எழுதினோம்.

அப்புறம் அந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்த இரண்டாம் பாதிதான் கெடா வெட்டுக்கு வந்து சேரவில்லை.

கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. கானாவில் மருந்து கிடைப்பதே சிரமம், நோய் தொடங்கிச் சராசரியாக 4 வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் லெவோடோபா ஆரம்பித்தார்கள். இத்தாலியில் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். தள்ளிப்போட்டால் லாபம் என்பது உண்மையானால், கானாக்காரர்களுக்குப் பவர் இறங்குவதும் நெளிவும் தாமதமாக வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நோய் தொடங்கி ஏறக்குறைய அதே வருஷத்தில் இரு நாட்டவருக்கும் வந்தது. கானாக்காரர்கள் கூடுதலாகப் பெற்றது அந்த இரண்டு வருஷ முடக்கம் மட்டும்தான். 2019இல் நெதர்லாந்தில் 445 பேரை வைத்து இன்னொரு சோதனை. பாதிப் பேருக்கு உடனே லெவோடோபா, மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்து. 80ஆவது வாரத்தில் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. முன்னதாகச் சாப்பிட்டவர்களுக்கு நெளிவும் அதிகம் வரவில்லை.

அப்படியானால் நாளாக நாளாக மருந்து ஏன் முன்போல் தாக்குப்பிடிப்பதில்லை? இதற்கு நம் ஊர் ஏரியைத்தான் சொல்வேன். லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப காலத்தில் மிச்சமிருக்கும் மூளை செல்கள் அதை வாங்கி டோபமினாக மாற்றித் தேக்கிவைத்து, மதகு திறப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் நின்ற பிறகும் வயல் நனைகிறது. வருஷங்கள் போகப்போக அந்த செல்கள் அழிகின்றன, ஏரி தூர்ந்துபோகிறது. தேக்க இடமில்லாததால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான் பாசனம். அதனால்தான் அப்போது வேளைகளை நெருக்கிக் கொடுக்கிறோம், வேறு மாத்திரைகளைச் சேர்க்கிறோம், சிலருக்கு மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறோம். இன்றைக்குத் தண்ணீர் விடாமல் வயலைக் காயப்போட்டால் ஏரி தூர்வது நின்றுவிடுமா?

செல்கள் ஏன் அழிகின்றன என்பதுதான் பெரிய கேள்வி. நடுமூளையில் கருப்பாக ஒரு பட்டை உண்டு. இந்த நோயில் அது வெளிறிப்போவதை 1919இல் பாரிஸில் திரெத்தியாகோஃப் காட்டினார். அதற்கு 7 வருஷம் முன்பே லூயி என்பவர் இந்த நோயாளிகளின் மூளை செல்களுக்குள் உருண்டை உருண்டையாகப் படிவுகளைப் பார்த்திருந்தார். அந்தப் படிவின் முக்கியச் சரக்கு ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்பது 1997இல்தான் தெரிந்தது. பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வருகிறது, மோப்பம் குறைகிறது, தூக்கத்தில் கையைக் காலை வீசிக் கத்துகிறார்கள். அந்தப் புரதத்தைத் துடைத்தெடுக்க இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகளைச் சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோயை நிறுத்துகிற மருந்து இன்றுவரை இல்லை. பெங்களூரில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று நிலத்தை விற்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சிகிச்சை பலன் தரும் என்று இன்னும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை, சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு போடுவது சோதனையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள்.

பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றி வாரம் ஒருவர் கேட்கிறார். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையோடு அதையும் சாப்பிட்டால் அளவு எகிறி வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், கைகால் நெளியும். சாப்பிடுகிறவர்கள் என்னிடம் மறைக்காதீர்கள். திட்ட மாட்டேன். அளவைச் சரிசெய்ய எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, இது என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எந்த வயிற்று உபாதைக்கும் 'கேஸ் மாத்திரை' வாங்கிப் போடுகிறோம். அதில் பலவற்றில் லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது. வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் போடுகிற சின்னரிசின், இவையும் அந்த வகைதான். எல்லாமே மூளையில் டோபமினின் வழியை அடைப்பவை. பார்க்கின்சன் உள்ளவருக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் அதிகமாக்கும். நோயே இல்லாதவருக்கும் நடுக்கமும் விறைப்பும் கொண்டுவரும். ஊத்தங்கரையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு நான் எழுதிய ஒரே வைத்தியம், எட்டு மாதமாகச் சாப்பிட்ட கேஸ் மாத்திரையை நிறுத்தியது. மூன்று மாதத்தில் பழையபடி புளி தட்டப் போய்விட்டார். என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கை நடுக்கம் என்று வந்தால் முதலில் மருந்துச் சீட்டைக் கேளுங்கள், ஸ்கேன் அப்புறம் எடுக்கலாம். 'நரம்புத் தளர்ச்சி' என்று சத்து ஊசி போட்டு அனுப்பாதீர்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுங்கள். களி கிண்டி மொச்சைக் குழம்போடோ கறியோடோ வயிறு நிறைந்த பிறகு போட்டால், சாப்பாட்டிலுள்ள புரதம் மாத்திரையோடு போட்டி போட்டு உள்ளே விடாது. அதற்காகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தி ஆளை மெலியவைத்துவிடாதீர்கள், நேரத்தை மாற்றினால் போதும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இந்த நோய்க்கே கொடுக்கிற பிரமிபெக்சோல் மாதிரி வேறு மாத்திரை சாப்பிடுகிற ஆள் திடீரென்று போனில் ரம்மி ஆடிப் பணத்தை விடுகிறார் என்றால், அவரைத் திட்டாமல் என்னிடம் கூட்டிவாருங்கள். அது மருந்தின் வேலையாக இருக்கலாம், மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

கண்ணுக்கோ இடுப்புக்கோ ஆபரேஷன் என்றால், 'பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்று நர்ஸ் சொன்னதும் பார்க்கின்சன் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கட்டை போல என்னிடம் வருகிறார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கூச்சப்படாமல் இரண்டு தடவை கேளுங்கள். வார்டில் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திரை தருவார்கள், உங்கள் நேரம் அதுவாக இருக்காது. கையோடு கொண்டுபோய், டாக்டரிடம் சொல்லிவிட்டு, உங்கள் நேரத்துக்கே கொடுங்கள்.

லெவோடோபாவும், அது மூளைக்குப் போகும் முன் வழியிலேயே சிதையாமல் காக்கிற கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இருந்தாலும் பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு கடையில் இல்லை என்றால் அன்றைக்கு இல்லைதான். பத்து நாளைக்கு மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். வெளியூர் போகும்போது அட்டையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள். பெட்டி பஸ் மேலே போய்விடும்.