புள்ளடி: செண்பகத்தின் காலும் வாக்குச் சீட்டும்

இலங்கையில் வரப்போகும் அடுத்த பொதுத் தேர்தல்தான் என் அக்கா மகளுக்கு முதல் பொதுத் தேர்தல். 18 வயது ஆகிவிட்டது. கையால் கீறின மாதிரி வாக்குச் சீட்டு ஒன்றை மேசையில் விரித்து, எங்கே புள்ளடி (X) போடவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். "சித்தி, புள்ளடி எண்டா பிழையெல்லோ? அப்ப வேண்டாத ஆக்களுக்கோ போடுறது?" என்று கேட்டாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியில் அவள் கண்ட புள்ளடியெல்லாம் சிவப்புப் பேனையால் விழுந்தவை. வாக்குச் சீட்டிலோ அதே குறிக்கு "எனக்கு இவர்தான் வேண்டும்" என்று பொருள்.

சொல்லுக்கு வருவோம். சிலர் நினைப்பதுபோல இது புள்ளியும் அடியும் சேர்ந்ததல்ல. புள் என்றால் பறவை. புள்ளினம் என்கிறோமே, அந்தப் புள். அடி என்றால் பாதம். தனிக் குற்றெழுத்தை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி, கல் + அடி கல்லடி ஆவதுபோல புள் + அடி புள்ளடி ஆகிறது. பறவையின் காற்சுவடு, அவ்வளவுதான்.

எந்தப் பறவை? கோழி என்று உடனே சொல்லிவிடுவோம். விடியக் கூட்டின முற்றத்து மணலில் கோழி நடந்த தடத்தைப் பாருங்கள்: முன்னுக்கு மூன்று விரல், பின்னுக்கு ஒன்று. அது அம்புக்குறி மாதிரி இருக்குமே தவிர புள்ளடி மாதிரி இல்லை. வேலியோரம் வடலிக்குள்ளே தத்தித் திரியும் செண்பகத்தின் தடத்தைப் பார்த்தால் விசயம் விளங்கும். அதற்கு முன்னுக்கு இரண்டு விரல், பின்னுக்கு இரண்டு. கிளிக்கும் குயிலுக்கும் அப்படித்தான். மணலில் பதிந்தால் அச்சொட்டான புள்ளடி. சொல்லை ஆக்கியவர் செண்பகத்தைத்தான் பார்த்தார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். எனக்கு அப்படி நினைக்கப் பிடித்திருக்கிறது.

குறிக்குப் பறவைக் காலின் பெயரை வைப்பது புதிதல்ல. சுவடி எழுதியவர்கள் விடுபட்ட எழுத்தைச் செருகும் இடத்தில் போட்ட குறிக்கு வடமொழியில் காகபாதம் என்று பெயர். காகத்தின் கால்.

தமிழ்நாட்டில் புள்ளடி என்றால் பலருக்கு விளங்காது. அங்கே முன்பு முத்திரை குத்தினார்கள், இப்போது பொத்தானை அமுக்குகிறார்கள். பேனையால் கோடு கீறும் வேலையே இல்லை. இங்கே இன்னும் தாளும் கையும்தான். அதனால்தான் ஒலிபெருக்கி கட்டின வாகனம் ஒழுங்கைக்குள் வந்தால் "சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுங்கள்" என்று கத்திக்கொண்டு போகிறது. வோட் என்பது லத்தீனில் நேர்த்திக்கடனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, வாக்கு வடமொழியில் பேச்சு. புள்ளடியோ தலை முதல் கால் வரை தமிழ். அப்படியிருக்க 'குரோஸ் போடு' என்று ஏன் சொல்லவேண்டும்?

பொதுத் தேர்தலில் முதற் புள்ளடி கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ. அது ஒன்றே ஒன்று. இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டு செல்லாது. அப்புறம் தாளின் அடியில் உள்ள இலக்கக் கட்டங்களில், அதே கட்சியின் வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்காக மூன்று வரை போடலாம். மூன்றுக்கு மேல் போனால் விருப்பு வாக்குகள் கழிந்துவிடும், கட்சிக்குப் போட்டது நிற்கும். விருப்பு வாக்கை மட்டும் போட்டுவிட்டுக் கட்சியை மறந்தால் ஒன்றுமே எண்ணப்படாது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் இட்ட கை, இங்கே வந்து தடுமாறுவதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்படும் வாக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பதை நினைத்தால், இந்தச் சின்னக் குறியை வீட்டில் ஒருக்கால் போட்டுப் பழகுவதில் வெட்கமில்லை.

புள்ளடிக்கு முன்னால் இன்னொரு பள்ளிக்கூடச் சொல் இருக்கிறது: இடாப்பு. காலையில் ஆசிரியர் பெயர் கூப்பிடும் அதே இடாப்புத்தான், இங்கே தேருநர் இடாப்பு. தேருநர் என்றால் தேர்ந்தெடுப்பவர். வகுப்பு இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளைக்கு வரவு போடமுடியாது. இந்த இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் சீட்டே கையில் தரமாட்டார்கள். தனி ஆளின் பாடு மட்டுமல்ல இது. மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பெரும்பாலும் இடாப்பில் பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம் இருந்தது. 2015இல் 7. 2024இல் 6.

வாக்காளர் அட்டை தபாலில் வரும். அது வராவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். தேசிய அடையாள அட்டையோ, செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ, சாரதி அனுமதிப்பத்திரமோ, ஏற்றுக்கொள்ளப்படும் வேறு அடையாள ஆவணமோ கையில் இருக்கவேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் பழைய கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் கட்டம் கீறிப் புள்ளடி போட்டுப் பார்த்தாள். முதலாவது கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்சிக்குள் போய்விட்டது. "சின்னனாப் போடு" என்றேன். நாளைக்கு அவள் பெயர் ஏறிவிட்டதா என்று பார்க்கக் கிராம அலுவலரிடம் போகிறோம்.