சைட்டோஸ்கெலிட்டன்: செல் எலும்புக்கூடா, செல் சட்டகமா?

செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் புரத இழைகளின் பின்னலுக்குச் சைட்டோஸ்கெலிட்டன் என்று பெயர். இதில் ‘சைட்டோ’ வந்தது ‘கைட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. உள்ளே குடைவான கலம் என்பது அதன் பொருள். ஈழத்தில் செல்லைக் ‘கலம்’ என்றே எழுதுகிறார்கள்; மூலத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. ‘ஸ்கெலிட்டன்’ என்றால் ‘வற்றி உலர்ந்தது’. இரண்டையும் சேர்த்து 1931இல் ‘சித்தோஸ்கெலெத்’ என்று பிரெஞ்சில் எழுதியவர் போல் வேன்த்ரெபேர் என்ற கருவியல் அறிஞர்.

தமிழில் இதைச் ‘செல் எலும்புக்கூடு’ என்று அப்படியே பெயர்த்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எலும்பும் இங்கே இல்லை, உலர்ந்து நிற்பதும் எதுவும் இல்லை. மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் போடும் பந்தலை எண்ணிக்கொள்ளுங்கள். பின்வரிசைக் கால்களைப் பிடுங்கி முன்னால் நட்டுக்கொண்டே போனால் பந்தலே நகர்ந்துவிடும் அல்லவா? செல் நகர்வதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே ‘செல் சட்டகம்’ என்பதே என் தேர்வு. போட்டுப் பிரிக்கக்கூடியது என்ற பொருளுக்கு அதில் இடமிருக்கிறது.

சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. மிக மெல்லியது ஆக்டின், சுமார் 7 நானோமீட்டர் தடிமன் (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). இடைநிலை இழைகள் 10, நுண்குழல்கள் 25 நானோமீட்டர்.

மார்பில் வந்த புற்றுக்கட்டி எலும்புக்கும் நுரையீரலுக்கும் எப்படிப் போகிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி ஆக்டினிடம் இருக்கிறது. செல்லின் முன்விளிம்பில் ஆக்டின் இழைகள் கிளைகிளையாக வளர்ந்து சவ்வை வெளியே தள்ளுகின்றன. தள்ளிய பகுதி அக்கம்பக்கத்துத் திசுவைப் பற்றிக்கொள்ளும். பின்பகுதியை மயோசின் என்ற புரதம் சுருக்கி இழுக்கும். கோஃபிலின் என்ற புரதம் பழைய இழைகளை வெட்டிக் கொடுக்க, அந்தத் துண்டுகளே புதிய இழைகளுக்கு மூலப்பொருள் ஆகின்றன. புற்றுசெல்கள் இன்னொன்றும் செய்கின்றன. ஆக்டின் நிறைந்த சிறு முளைகளை நீட்டி, வழியை அடைக்கும் திசுவை நொதிகளால் கரைத்துக்கொண்டு நுழைகின்றன.

இடைநிலை இழைகளிலும் ஒரு மாற்றம் நடப்பதுண்டு. பால்நாளத்தின் உட்சுவரில் இருக்கும் இயல்பான செல்களில் கெரட்டின் என்ற வகை இடைநிலை இழை இருக்கும். ‘கொம்பு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். பரவும் குணம் கொண்ட புற்றுசெல்கள் பலவற்றில் அந்தப் பிடி தளர்ந்து, கெரட்டின் குறைந்து, வைமென்டின் என்ற இன்னொரு வகை இழை கூடுகிறது. வைமென்டின் என்ற பெயருக்கு வேர், வளையும் மிலாறுகளைக் குறிக்கும் லத்தீன் சொல். கூடை முடைகிறவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

‘ஊசி குத்திச் சதை எடுத்தாங்க, அதனாலதான் பரவிடுச்சு’ என்ற பேச்சு நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தப் பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நகர்வதற்கான பொறி செல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. நாள் கடத்துவது அதற்குத்தான் வசதி.

நுண்குழல்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவற்றின் மேல்தான் மருந்து வேலை செய்கிறது. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல், நுண்குழல்களைப் பிரியவிடாமல் இறுக்கிவிடும். குழல்களைப் பிரித்துக் கட்ட முடியாத செல்லால் இரண்டாகப் பிளக்க முடியாது. நரம்பின் நீண்ட இழைகளுக்குள் சரக்குப் போக்குவரத்தும் இதே குழல்களின் வழியேதான் நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ வேறெங்கோ கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ‘விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதை அடுத்த முறை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற அவருக்கு வழி உண்டு.