சீதனம்: யாருடைய தனம்?

சீதனத்தைச் 'சீர் + தனம்' என்று பிரிப்போரும் 'ஸ்ரீதனம்' என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் பிழை. வடமொழி ஸ்திரீதனம்தான் தமிழ் நாவில் தேய்ந்து சீதனமானது. ஸ்திரீ என்றால் பெண், தனம் என்றால் செல்வம். மனுதர்மம் (9:194) இதை ஆறு வகையாக எண்ணுகிறது: தாய், தந்தை, உடன்பிறந்தான் தந்தவை, மணத்தீயின் முன் தந்தது, புக்ககம் போகையில் தந்தது, அன்பால் தந்தது. ஆறிலும் பெறுபவள் பெண்ணே. வரதட்சணையோ வரனுக்குப் போகும் தட்சணை. பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். மலையாளத்திலும் இதே கதைதான்: சொல் தேயாமல் 'ஸ்திரீதனம்' என்றே நிற்கிறது, குறிப்பது மாப்பிள்ளை வீட்டார் வாங்குவதை.

இந்தக் குழப்பம் காசுக் கணக்கில் என்ன செய்கிறது என்று பார்க்க யாழ்ப்பாணம் நல்ல இடம். டச்சுக்காரர் காலத்தில், 1707இல், டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வழிவழி வந்த முதுசம், மகளுக்குக் கொடுத்த சீதனம், மணத்துக்குப் பின் சேர்த்த தேடிய தேட்டம். பழைய முறையில் சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை. ஆகவே சீதனம் பரிசல்ல, முன்கூட்டியே பிரித்துக் கொடுத்த பங்கு. அதனால்தான் வாய்ப்பேச்சோடு விடாமல், எத்தனை பரப்புக் காணி, எந்த வீடு என்று நொத்தாரிசிடம் (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) சீதன உறுதி, அதாவது சீதனப் பத்திரம், எழுதினார்கள். (16 பரப்பு ஓர் ஏக்கர்.) மாப்பிள்ளை வீட்டார் கையில் ரொக்கமாக வாங்குவதற்கு அங்கே தனிப்பெயர் உண்டு: 'டொனேசன்'. பல வீடுகளில் அது மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாக மாறிப் போய்விடும். மணமகள் பேரில் அதில் ஒரு சதமும் இராது.

உறுதி பெண் பெயரில் இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 6ஆம் பிரிவு: மனைவி தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி விற்கலாம், நிலம், வீடு என்றால் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். உயில் எழுத மட்டும் அது தேவையில்லை. கணவனுக்கு இப்படி ஒரு தடை அந்தச் சட்டத்தில் இல்லை. அவசரத்துக்குக் காணியை விட்டு நகையை அடகு வைக்கப் பெண்கள் போவதைப் பொன்னாசை என்று பேசுவது எளிது. நகைக்கு இன்னொருவர் கையெழுத்துத் தேவையில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கணவன் கைவிட்டாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் (8ஆம் பிரிவு). போரில் கணவன் காணாமற்போன பெண், தன் தாய் தந்த காணியை ஈடு வைக்கவும் வழக்குப் போட்டாக வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது.

இந்தியாவில் சட்டம் தெளிவு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவு பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியது. சீதனம் கணவன் வசம் இருந்தாலும் அவன் அதை நம்பி ஒப்படைக்கப்பட்டவன் மட்டுமே. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று உச்சநீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. வழக்கு என்று வந்தால் இடறுவது பட்டியலில்தான்: எத்தனை பவுன், எந்தப் பாத்திரம் என்ற எழுத்தும், கடை ரசீதும் இல்லாமல் உரிமையை நிறுவுவது கடினம்.

தமிழ்ச் சொல்? 'மணக்கொடை' என்று சிலர் எழுதுகிறார்கள். யார் கைக்குப் போகிறது என்ற ஒரே முக்கியமான செய்தியை அது விட்டுவிடுகிறது. 'பரிசம்' எதிர்த்திசை, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தருவது. ஸ்திரீதனத்துக்குப் 'பெண்ணுடைமை' பொருந்தும். யாழ்ப்பாணச் சட்டம் பற்றி எழுதும்போது மட்டும் சீதனம் என்றே விடலாம், உறுதிகளில் அந்தச் சொல்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதை வரதட்சணை என்றே எழுதுங்கள்.