மந்திரம் இருக்கட்டும், ‘வேண்டாம்’ என்றால் அந்த அரக்கன் கேட்கிறானா?

பள்ளிப் பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளை புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று வருத்தப்பட்டு வரும் பெற்றோர்தான் என்றைக்கும் அதிகம். சில வருடங்களாக இன்னொரு கூட்டமும் வருகிறது. பதினொன்றோ பன்னிரண்டோ படிக்கும் மகளின் (பெரும்பாலும் மகள்தான்) தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த தடிப் புத்தகத்தை என் மேசையில் வைத்து, “எப்பப் பாத்தாலும் இந்தப் பேய்க் கதைதான் மேடம். அறுநூறு பக்கத்த ரெண்டு நாள்ல முடிக்கிறா. பயாலஜிய இப்படிப் படிச்சா எங்கயோ போயிருப்பா” என்பார்கள். அட்டையில் ஒரு வாள், ஒரு கிரீடம், சுற்றிலும் முள்கொடி. உள்ளே மந்திர உலகில் நடக்கும் ஆங்கிலக் காதல் கதை.

மந்திரத்தையும் அரக்கரையும் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றுதான் இவர்களிடம் முதலில் சொல்வேன். வேதாளத்தைத் தோளில் சுமந்த ராஜா கதையைக் கேட்டு வளர்ந்த நாம் யாரும் முருங்கை மரத்தைக் கண்டு ஓடவில்லை. எது கதை, எது நிஜம் என்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். இந்தக் கதைகள் அந்த வயதுக்கு ஏன் பிடிக்கின்றன என்பதும் பெரிய மர்மமல்ல. உடம்பு கேட்காமலேயே மாறுகிறது. எந்த குரூப் எடுப்பது, எந்தக் கோச்சிங்கில் சேர்வது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அப்படியிருக்க, ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஒரு சக்தி வாய்க்கிறது, அவள் எடுக்கும் முடிவில் ஒரு ராஜ்யமே கவிழ்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நீட் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்று ராத்திரி ஒரு டிராகன் முதுகில் ஏறிக்கொள்வது நல்ல காரியம் என்றே சொல்வேன்.

எனக்குக் கவலை தருபவர்கள் எதிர்ப்பக்கத்துப் பெற்றோர். “ஏதோ மந்திரக் கதை, சின்னப் பசங்க புக்குதானே, போன் பாக்காம இருந்தா சரி” என்று நிம்மதியாக இருப்பவர்கள்.

சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. 2024-இல் வந்த விதிகளின்படி யுஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். புத்தகத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. கடையில் பதின்பருவத்தினருக்கென்று ‘யங் அடல்ட்’ என்ற பெயரில் ஓர் அலமாரி இருக்கும்; அது பதிப்பகங்களும் கடைக்காரர்களும் விற்பனை வசதிக்காக வைத்துக்கொண்ட பிரிவு. பொதுவாக 12 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் அந்த ஒரே அலமாரிதான். ஏழாம் வகுப்பையும் கல்லூரி முதலாண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது போல.

சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். என் மேசைக்கு அடிக்கடி வருவது இதுதான். முதல் நாவல் 2015-இல் அமெரிக்காவில் யங் அடல்ட் நாவலாகத்தான் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் நாவலில் விரிவான பாலுறவுக் காட்சிகள் இருந்தன. 2020-இல் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் இந்த வரிசைக்குப் புது அட்டை போட்டு, பெரியவர்களுக்கான நாவல்களாக மறுபடி கொண்டுவந்தது. கதை அதே கதைதான். அட்டையும் அலமாரியும் மாறின. அந்தச் சேதி இங்கே என்னிடம் வரும் பெற்றோர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்கானது. போர், மரணம், பாலுறவு எல்லாம் உள்ளே உண்டு என்று புத்தகத்தின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் டிராகன் என்று கேட்டதுமே அப்பாக்கள் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடுகிறார்கள். முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் எங்கே?

இதைச் சொன்னதும் முகம் மாறி, “அப்ப அந்த மாதிரி சீன்லாம் இருக்கா மேடம்?” என்பார்கள். இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு ‘ஸ்பைஸ்’ என்று பெயர் வைத்து, மிளகாய்ப் படம் போட்டு மதிப்பெண்ணும் கொடுக்கிறார்கள். பதினாலு வயதுக்கு அது சீக்கிரம் என்பது என் கருத்து. பதினேழு என்றால் பிள்ளையைப் பொறுத்தது. போன் கையில் உள்ள பிள்ளை இதைவிட மோசமானதைத் தேடாமலேயே பார்த்திருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் அந்தக் காட்சிகளைவிட, அதற்கு முந்தைய இருநூறு பக்கங்களைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பேன். காதல் எப்படி வளர்கிறது என்று காட்டும் பக்கங்கள் அவை.

அரக்கனிடம் மனசைக் கொடுக்கும் பெண்ணின் கதை புதிதல்ல. சாரா மாஸின் வரிசைக்கே விதை ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’தான். பிரெஞ்சில் வில்நெவ் என்ற பெண்மணி 1740-இல் நீளமாக எழுதிய அந்தக் கதையை, லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த போமோன் 1756-இல் சுருக்கி இளம்பெண்களுக்காக வெளியிட்டார். முன்பின் தெரியாத ஆணுக்குக் கட்டிக்கொடுக்கப்படவிருந்த பெண்களின் பயத்தைப் போக்க வந்த கதை என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. போமோனின் கதையில் ஓர் இடம். அப்பாவின் உயிருக்கு ஈடாகத் தன் மாளிகைக்கு வந்த பெண்ணிடம் அரக்கன் ஒவ்வோர் இரவும் ‘என்னை மணந்துகொள்வாயா’ என்று கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் போய்விடுகிறான். மறுநாள் அவளுக்குச் சாப்பாடு குறைவதில்லை, மரியாதை குறைவதில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அனுப்பியும் வைக்கிறான். (அவளை அங்கே வரவழைத்த விதம் அநியாயம். ‘நீ திரும்பி வராவிட்டால் செத்துப்போவேன்’ என்று அவன் சொல்வது இன்றைய ஆலோசகர் காதில் மிரட்டலாகத்தான் விழும். 1756-க்கு அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்.) கொம்பும் நகமும் இருந்தாலும், வேண்டாம் என்ற சொல் அவனுக்குக் காதில் விழுகிறது.

வேண்டாம் என்றால் கேட்கிறானா என்ற அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இன்றைய நாவல்களைப் பாருங்கள். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவல் 2005-இல் வந்தது. நாயகிக்கு 17 வயது. நாயகன் 1918-இலேயே பதினேழில் நின்றுபோன ரத்தக் காட்டேரி. அவளுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அது தெரியவந்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருக்கிறது. நாயகி பின்னாலேயே அலையும் நாயகனுக்குக் கைதட்டிய சினிமா நம்முடையது. நம் கண்ணுக்கே இதில் தப்பு தெரிய நேரமாகும்போது பதினாறு வயதுக் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

வயதும் அப்படித்தான். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஐந்நூறு வயது தாண்டிய காதலன் என்பது இந்த வகைக் கதைகளில் சர்வ சாதாரணம். கதையில் அவன் முகம் இளமையாக இருப்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் இருபத்தெட்டு வயது ஆள் ஒருவன் “உன் வயசுப் பொண்ணுங்க மாதிரி நீ இல்ல, ரொம்ப மெச்சூர்” என்று பதினாறு வயதுப் பெண்ணுக்கு எழுதும்போது, கதையில் பலமுறை படித்த அந்த வசனம் அவளுக்கு ஆபத்தாகத் தோன்றாமல் பாராட்டாகத் தோன்றலாம். 18 வயது நிரம்பாதவர் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி குழந்தை. அவள் எவ்வளவு மெச்சூர் என்று சட்டம் கேட்பதில்லை.

ஆனால் புத்தகம் கெடுத்தது என்று நான் எழுதமாட்டேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்தி, தன் போன் பாஸ்வேர்டுகளையெல்லாம் காதலன் வாங்கி வைத்திருப்பதை என்னிடம் சொல்லிவிட்டு, “அவன் கொஞ்சம் பொசசிவ் மேம், என் மேல அவ்ளோ லவ்” என்று தான் படித்த நாயகர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினாள். இன்னொருத்தி கிட்டத்தட்ட அதே நிலைமையில் இருந்தாள். அவள் சொன்னது: “டேம்லின் மாதிரியே பண்றான் மேம்.” டேம்லின் யார் என்று தெரியாமல் அன்றைக்கு நான் சாரா மாஸ் வரிசையின் இரண்டாம் நாவலை வாங்கிப் படிக்கவேண்டி வந்தது. முதல் நாவலில் அவன்தான் காதலன். இரண்டாவதில், உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிச் சொல்லி நாயகியை மாளிகைக்குள்ளேயே அடைத்து வைக்கிறான். அவள் மூச்சுமுட்டி உடைந்துபோகிறாள், பிறகு அவனை விட்டு விலகுகிறாள். தன்னை நெரித்துக்கொண்டிருந்த ஒன்றை அந்தப் பெண் அடையாளம் கண்டுகொண்டது பள்ளியில் நாங்கள் நடத்திய விழிப்புணர்வு வகுப்பில் அல்ல, நான் பதினாலு வயதுக்கு வேண்டாம் என்று சொல்லும் புத்தகத்தில். அதே கதையில், முதல் நாவலில் நாயகிக்கு மயக்க மது கொடுத்துக் கூட்டத்தின் முன் ஆடவைத்தவன் அடுத்த காதலனாக வருவதும், அது அவளைக் காப்பாற்றத்தான் என்று கதை அவனுக்காக வாதாடுவதும் உண்டு. நான் அதை அவளிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் என்னோடு சண்டை போட்டாள். என் வேலையில் அதைவிட நல்ல ஒரு மணி நேரம் அபூர்வமாகத்தான் அமையும்.

அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. கட்டாயத் தாலி கட்டிவிட்டு, அறைந்துவிட்டு, நாற்பதாவது அத்தியாயத்தில் உருகும் ‘ஆன்டி ஹீரோ’ தொடர்கதைகளை இரவு பதினோரு மணிக்குப் போனில் படித்துக்கொண்டே மகளின் ஆங்கில நாவலைப் பிடுங்குவது எடுபடாது. பிள்ளைகள் நாம் எதைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிடுங்கினாலும் பயனில்லை. தோழிகள் குழுவில் அதே நாவல் பிடிஎஃப்பாகச் சுற்றும். அப்போது அதைப் பற்றி உங்களோடு பேசவும் வழி இருக்காது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமானால், பிள்ளைகளுக்கு எந்த வயதில் எது ஏற்றது என்று சொல்லும் ‘காமன் சென்ஸ் மீடியா’ தளம் இருக்கிறது. ‘ஸ்டோரிகிராஃப்’ தளத்தில் வாசகர்களே வன்முறை, பாலியல் தாக்குதல், தற்கொலை என்று உள்ளடக்கக் குறிப்புகள் பதிகிறார்கள். கிண்டிலில் முதல் சில அத்தியாயங்களை இலவசமாகப் புரட்டலாம், ஆனால் சங்கடமான பகுதிகள் பெரும்பாலும் பிற்பாதியில்தான் வரும்.

பேசும்போது நீதிபதி நாற்காலியில் உட்காராதீர்கள். “இதுல உனக்கு யாரப் புடிக்கும்? ஏன்?” என்று ஆரம்பியுங்கள். “அவ வேணாம்னு சொன்னப்ப அவன் என்ன பண்ணான்?” என்று கேளுங்கள். “அவனுக்கு றெக்கையும் இல்ல, அரண்மனையும் இல்ல, நம்ம தெருப் பையன்னு வெச்சுக்கோ. அப்பவும் இது ஓகேவா?” இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வரும், சிரிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு யோசனையும் வரும். மகன் படிக்கிறான் என்றால் இதே கேள்விகளை அவனிடமும் கேளுங்கள். மறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி அவனுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படும்.

தேர்வுக்கு முந்தின நாள்கூட நாவலை வைக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குத் தேவை ஆலோசகரல்ல, தூக்கத்துக்கு ஒரு நேரம். பழைய தோழிகளை விட்டு ஒதுங்குவது, போனை மறைப்பது, வயதில் பெரிய யாரோ ஒருவரின் பேச்சு அடிக்கடி வருவது, உடம்பில் விளக்கம் சொல்லாத காயங்கள், செத்துப்போவதைக் காதலின் உச்சமாக எழுதிவைப்பது: இவை புத்தகத்தோடு சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கவனிக்க வேண்டியவை. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெரியவர் ஒருவரால் பிள்ளைக்குத் தொந்தரவு என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. அந்த எண்ணுக்குப் பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம், இதை அவளிடமும் சொல்லி வையுங்கள்.