வினிகர் மீனை வேக வைக்காது

"வெள்ளையாத்தான் சார் இருந்துச்சு. நல்லா வெந்துதான் இருந்துச்சு."

இதைச் சொன்னவன் நம் ஊரிலிருந்து பிலிப்பைன்ஸின் தாவா நகருக்கு மருத்துவம் படிக்க வந்த பையன். ஒட்டுண்ணிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் வேறு. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வயிற்றுக்குள் ஓயாத கடமுடா சத்தம், இடுப்பில் நிற்காத பேன்ட். அவன் "வெந்தது" என்றது, ஆற்றில் பிடித்த திலாப்பியாவை அடுப்பே காட்டாமல் கார வினிகரில் ஊற வைத்த கினிலாவை. இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது? அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் வினிகருக்கு எதிரி இல்லை. நமக்குப் புளி எப்படியோ, பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு வினிகர் அப்படி. தென்னங்கள், நிப்பா பனையின் கள், கரும்புச்சாறு என்று கிடைப்பதையெல்லாம் புளிக்க வைத்து வினிகராக்கிவிடுவார்கள். இலோகோஸ் பக்கம் கரும்பு வினிகர் பழுப்பாக இருக்கும், புலகானில் பாவோம்போங் ஊரின் நிப்பா வினிகருக்குத் தனி மவுசு. இலோய்லோவின் சினாமாக் என்பது தென்னை வினிகரில் குட்டைக் காந்தாரி மிளகாய், பூண்டு, இஞ்சி, சித்தரத்தை, மிளகு எல்லாம் போட்டு ஊற வைத்தது. இலிகானின் பினாகூராட் அதைவிடக் காரம். சாப்பாட்டுக் கடையில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பழைய பாட்டில் ஒன்று மேசைமேல் நிற்கும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் துளித்துளியாக விழும். சுட்ட கோழிக்கும் பொரித்த பன்றித்தோலுக்கும் அதைப்போல் ஒரு துணை கிடையாது. தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் பன்றித்தோலோடு அரைக்கிண்ணம் குடிக்கும் ஆட்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

அடோபோ, பாக்சிவ் பற்றியும் எனக்குக் கவலையில்லை. அங்கே வினிகர் கொதிக்கிறது, கறியும் மீனும் அதனோடு சேர்ந்து வேகின்றன. வினிகரை ஊற்றியபின் கொதி வரும்வரை கிளறக் கூடாது, கிளறினால் பச்சை நெடி நின்றுவிடும் என்று இங்கே எல்லா வீட்டு அம்மாக்களும் அதட்டுவார்கள். அந்த அதட்டல் சுவைக்காக. என் அதட்டல் கினிலாவுக்காக.

மீன் துண்டின் மேல் வினிகர் பட்டால் கண்ணாடி போலிருந்த சதை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். சில நிமிடத்தில் வெந்த மீன் போலவே ஆகிவிடும், தொட்டால் கெட்டியாகக்கூட இருக்கும். அமிலம் மீனின் புரதத்தை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு செய்கிற மற்ற வேலை எதையும் அது செய்யவில்லை. கொஞ்சம் கனமான துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாகவே இருக்கும். கடல் மீனில் இருக்கும் அனிசாகிஸ் புழு வினிகரில் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். அரைமணி நேரம் ஊறியதில் செத்திருக்கும் என்பது நம் ஆசை. மிளகாய் கொல்லும், இஞ்சி கொல்லும், கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை பிழிந்தால் கொல்லும், மேலே கொஞ்சம் ரம் குடித்தால் மிச்சமும் செத்துவிடும்... எல்லாம் கேட்டாயிற்று. எரிவது உங்கள் நாக்குதான், புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆற்று மீன், குளத்து மீன் என்றால் கதை இன்னும் மோசம். கப்பிலேரியா பிலிப்பினென்சிஸ் என்று நாட்டின் பெயரையே தாங்கிய குடற்புழு ஒன்று உண்டு. 1963இல் லூசோன் தீவின் வடக்கிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டார்கள். 1967இல் இலோகோஸ் சூரின் தாகுதின் பகுதியில் கொள்ளைநோயாகவே பரவி, ஆயிரம் பேருக்கு மேல் பாதித்தது, பலர் இறந்தார்கள். வினிகருக்குப் பேர்போன அதே இலோகோஸ்தான். தாவாவுக்குப் பக்கத்தில் மொன்காயோவில் 1998இல் மறுபடி தலைகாட்டியது. இந்தப் புழு உடலுக்குள்ளேயே பெருகும். அதனால் ஒருமுறை சாப்பிட்டதே போதும், மெல்ல மெல்ல உடம்பின் புரதத்தையெல்லாம் வடித்துவிடும். கால் வீங்கியபின் வருபவர்களைப் பார்த்தால் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

சூரை மீன் தனி ரகம். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஏறிவிடும். அதை வினிகரும் அழிக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு. "எனக்கு மீன் அலர்ஜி" என்று முடிவுகட்டி ஆயுளுக்கும் மீனை விட்டவர்கள் இருக்கிறார்கள். அலர்ஜி இல்லை ஐயா, ஐஸ் வைக்காத மீன்.

கினிலாவ் சாப்பிட்டே தீருவேன் என்றால் கடல் மீன் மட்டும், அதுவும் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தது. வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டை இதற்கு நம்பாதீர்கள், உறைந்த சூரையும் வஞ்சிரமும் விற்கும் நல்ல கடையில் கேட்டு வாங்குங்கள். உறைய வைப்பது புழுவுக்குத்தான் வைத்தியம், பாக்டீரியாவுக்கு அல்ல. அதனால் கர்ப்பிணிகளும் ஈரல் நோய் உள்ளவர்களும் தயவுசெய்து வேண்டாம். நன்னீர் மீன், நண்டு, நத்தை எதையும் பச்சையாகத் தொடவே தொடாதீர்கள். ஊறியிருக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

வீட்டில் சினாமாக் போடுபவர்களுக்கு: மிளகாயையும் பூண்டையும் கழுவி ஈரம் போக உலர்த்துங்கள். வினிகரில் அமிலம் நான்கு சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புளிப்பு தூக்கலாக இருக்கிறதென்று தண்ணீர் விட்டு நீட்டினால் பாதுகாப்பும் சேர்ந்து நீர்த்துப்போகும். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பதறி எனக்குப் படம் அனுப்ப வேண்டாம், அது ஒன்றும் செய்யாது. லேபிள் இல்லாத மலிவு பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள். புளிக்க வைக்காமல் செயற்கை அசிட்டிக் அமிலத்தைக் கலந்து விற்பதை 2019இல் இங்குள்ள அணு ஆய்வு நிறுவனமே சோதித்துச் சொன்னது.

வயிற்றுப்போக்கு இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் "பச்சை மீன் சாப்பிட்டேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கடல் மீனா, ஆற்று மீனா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலப் பரிசோதனை ஒருமுறை சரியாக இருந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆய்வகத் தம்பி தங்கைகளே, உங்களுக்கும்தான்: சாட்டைப்புழு முட்டை என்று எழுதுமுன் இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள், அதுவும் கப்பிலேரியா முட்டையும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். கப்பிலேரியா என்று உறுதியானால் அல்பெண்டசோல் குறைந்தது பத்து நாள். மூன்றாம் நாளே வயிறு அடங்கும், அந்தப் பையன் அப்போதே மாத்திரையை நிறுத்தப் பார்த்தான். நிறுத்தினால் நோய் திரும்பும், பத்து நாளும் போட்டு முடியுங்கள்.